பெட்ரோல் டாங்கில் ஒரு காளை

அன்புள்ள சார்,

காரைக்குடியில் ஒரு பெயின்டிங் பட்டறையில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். பட்டி பார்ப்பது, ஸ்ப்ரே கன்னில் அடிப்பது எல்லாம் கைவந்துவிட்டது. போன மாதம், காற்றால் பெயின்டைத் தூவிப் படம் வரைகிற ஓர் ஏர்பிரஷ் வாங்கினேன். நண்பனின் புல்லட் டாங்கில் சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளை ஒன்றை வரைய ஆசை. கோடு இழுத்தால் சிலந்திக்கால் மாதிரி பிரிந்து ஓடுகிறது. இடையிடையே துப்புகிறது. இன்னும் விலை கூடிய பிரஷ் வாங்கினால் சரியாகுமா?

செ., காரைக்குடி

அன்புள்ள செ.,

வாங்காதீர்கள். அதுவும் துப்பும்.

உங்கள் கை கன்னில் பழகிய கை. கன்னின் விசையை ஒரே இழுப்பாக இழுத்தால் காற்றும் பெயின்டும் சேர்ந்து வந்துவிடும். டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷில் அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால்தான் பெயின்ட். முடிக்கும்போது விசையை முதலில் முன்னால் தள்ளிப் பெயின்டை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் காற்றை விடலாம். இதை மாற்றிச் செய்தால் ஊசி முனையில் ஒரு துளி தங்கி, அடுத்த கோட்டின் தொடக்கத்தில் துப்பும். நான் பழகிய காலத்தில் ஒரு ஸ்கூட்டரில் மயில் வரைந்தேன். கழுத்துவரை பிரமாதம். கண் வைக்கப் போனேன், துப்பியது. மயிலுக்கு மூன்று கண். வண்டிக்காரர் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சிலந்திக்காலுக்குக் காரணம் பெயின்ட் தண்ணியாக இருப்பது, அல்லது கிட்டே வைத்துக்கொண்டு அதிகமாக இழுப்பது. கன்னின் முனைத் துளை 1.3, 1.4 மி.மீ. இருக்கும், உங்கள் பிரஷில் பெரும்பாலும் 0.3தான். ஆகவே பெயின்டை வடிகட்டிப் பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பட்டறை கம்ப்ரஸரில் ரெகுலேட்டர் வைத்துக் காற்றழுத்தத்தை 20, 25 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரும் வேண்டும். குழாயில் வரும் ஒரு சொட்டுத் தண்ணீரோ எண்ணெயோ போதும், படம் போச்சு. வாட்டர் பேஸ் பெயின்ட் என்றால் நம்மூர் வெயிலில் ஊசி முனையிலேயே காயும். அடிக்கடி ஈரப் பிரஷால் துடைத்துக்கொள்ளுங்கள்.

காளைக்கு வருவோம். புதிதாகப் பழகுகிறவர்கள் வரைகிற காளை எல்லாம் மூடுபனிக்குள் நிற்கும், ஏனென்றால் வெறும் கையால் அடித்தால் ஓரம் மங்கலாகத்தான் வரும். திமிலின் உருண்டைக்கு அது சரி, கொம்பு நுனிக்கு ஆகாது. தரை டைல்ஸுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை நான் சொல்ல வேண்டுமா? கண்ணாடிமேல் தகரக் கூட்டை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமென்ட்டை ஊற்றிவிட்டுக் கூட்டைத் தூக்கும்போது பூவின் ஓரம் எப்படி நிற்கிறது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். உங்களுக்கு அந்த வேலையை ஒரு துண்டு அட்டை செய்யும். டாங்கோடு ஒட்டிப் பிடித்தால் ஓரம் கத்தி மாதிரி விழும், விரல்கடை தூக்கிப் பிடித்தால் பாதி மங்கும். கொம்பு, மூக்கணாங்கயிறு, கண்ணின் வெள்ளைப் புள்ளி மூன்றும் கூர்மையாக இருந்தால் போதும். மிச்சத்தைப் பார்க்கிறவன் கண்ணே வரைந்துகொள்ளும்.

முதலில் காகிதத்தில் புள்ளிகள். அப்புறம் தடித்துத் தொடங்கி நுனியில் மெலியும் கோடு, நூற்றுக்கணக்கில். காளையின் முடிக்கும் வாலுக்கும் அந்த ஒரு கோடுதான். அது வசப்பட்டதும் காயலான் கடையில் ஒரு பழைய டாங்கை எடுங்கள். 800 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுப் பளபளப்பைக் கொன்றுவிட்டு வரையுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். படத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சான டூ-கே கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டுவரும் சரக்கு. பட்டறையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அது தூசிக்கே போதாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடிதான் சரி. அது இல்லையென்றால், இருக்கிற பட்டறையிடம் கிளியரை அடித்துத் தரச் சொல்லுங்கள்.

நண்பனின் டாங்கை இப்போது கழற்ற வேண்டாம். மஞ்சுவிரட்டு தைப்பொங்கலை ஒட்டித்தானே? கார்த்திகையில் கேளுங்கள், பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டுத் தரச் சொல்லி.