மாரிக்கு முன் இலை காயவைக்க மெஷின் வேண்டுமா?

கேள்வி: முருங்கை இலை, கறிவேப்பிலை, புதினா மூன்றையும் மாரிக்காலத்துக்கென்று போன ஐப்பசியில் காயவைத்தேன். ஒரு மாதத்தில் போத்தலுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கரண்டில் ஓடும் உலர்த்தி மெஷின் வாங்கினால் சரிவருமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் தொடங்கிய மாதம்தான் பிழை. ஐப்பசியில் திருகோணமலைக் காற்றில் ஈரம் ஏறிவிடும். ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போதே முடித்துவிட்டால் மெஷின் தேவைப்படாது. 500 வாட் மெஷின் 8 மணித்தியாலம் ஓடினால் 4 யூனிட். இரண்டு பிடி புதினாவுக்கு அது வீண்செலவு. மழைக்குள்ளும் காயவைக்க வேண்டும், விற்கவும் யோசனை என்றால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் சூட்டைக் கூட்டிக் குறைக்க முடியாததை வாங்க வேண்டாம். புதினாவுக்கு 40 பாகை போதும், மிஞ்சினால் வாசம் பறந்துவிடும்.

முருங்கையைக் கொப்போடு கழுவி, உதறி, தண்ணீர் வடிந்ததும் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி ஓரிரவு வையுங்கள். காலையில் துணியைப் பிரித்து உலுப்பினால் இலை தானாகக் கொட்டும். பகலும் அப்படியே கிடந்தால் மஞ்சளாகிவிடும். கொட்டிய இலையைச் சுளகில் ஒற்றைப் படையாகப் பரப்பி, மேலே நுளம்பு வலை போட்டு, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். நேர் வெயில் பச்சை நிறத்தையும் விற்றமின் ஏ சத்தையும் தின்றுவிடும். குவித்துப் போட்டால் உள்ளே புழுங்கிக் கறுக்கும். பொழுதுபடுமுன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். இரவு ஈரத்தில் காய்ந்த இலையும் பதமாகிவிடும். முருங்கைக்கு இரண்டு மூன்று நாள், மற்ற இரண்டுக்கும் இன்னும் ஒரு நாள் பிடிக்கும்.

கசக்கினால் இலை நொறுங்க வேண்டும், கறிவேப்பிலையின் நடு ஈர்க்கு 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் காயவில்லை. பூஞ்சணம் தொடங்குவது பெரும்பாலும் அந்த ஈர்க்கில்தான், ஆகவே உருவிவிட்டுக் காயவைப்பது நல்லது. கண்ணாடிப் போத்தலில் போட்டு ஒரு வாரம் தினமும் மூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஆவி படிந்திருந்தால் உடனே கொட்டித் திரும்பவும் காயவையுங்கள். பூஞ்சணம் வந்துவிட்டால் முழுவதையும் எறிந்துவிடுங்கள், மேலே உள்ளதை மட்டும் அள்ளி எறிவது போதாது. தூளாக்குவது சமைக்கும் அன்றைக்கு.

கொத்தமல்லி இலையில் மினக்கெட வேண்டாம், காய்ந்தால் வைக்கோல்தான். ரம்பை சட்டியில் நட்டால் மாரியிலும் பச்சையாகவே கிடைக்கும்.

கேள்வி: பக்கெட்டில் வரும் முருங்கை இலைத் தூளை எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நிறத்தை. கடும் பச்சை நல்லது. பழுப்பு என்றால் வெயிலில் காய்ந்தது, அல்லது பழசு. கட்டிபட்டிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, எடை, விலை நான்கும் அச்சில் இல்லாத பக்கெட்டை வாங்காதீர்கள். திகதிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்றால் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.