ஒரே யூனிட்டை இருவருக்கு விற்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்சில் எங்கள் தரைவீட்டின் கூரையில் சூரியத்தகடுகள் உள்ளன. மிச்ச மின்சாரத்தைப் பிளாக்செயின் (பல கணினிகளில் ஒருசேர வைக்கப்படும் மின்னிலக்கப் பதிவேடு) வழியாக அக்கம்பக்கத்தாருக்கே விற்கலாம் என்று ஒரு நிறுவனம் சொன்னதை நம்பிச் சேர்ந்தேன். இரண்டு வீடு தள்ளியிருக்கும் அண்ணன் அந்நிறுவனத்திடம் 640 வெள்ளி முன்பணம் கட்டினார்; எனக்கு டோக்கன்கள் (அந்தப் பதிவேட்டில் ஏறும் மின்னிலக்க வில்லைகள்) வந்தன. மின்சார நிறுவனமான எஸ்பி அவருக்கு அனுப்பும் பில்லோ ஒரு யூனிட்கூடக் குறையவில்லை. அவர் பணத்தை என்னிடம் கேட்கிறார். நிறுவனமோ, கணினி நிரல்தான் ஒப்பந்தம், அது நிறைவேறிவிட்டது என்கிறது. பேசாமல் அவர் வீட்டுக்குக் கேபிள் இழுத்துவிடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஜூலை மாத பில்லில், மின்கட்டமைப்புக்கு ஏற்றுமதியான 212 யூனிட்டுக்கு உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது. டோக்கன் பதிவிலும் அதே மாதம் அதே 212 யூனிட்தான் உள்ளது. எஸ்பியிடம் கட்டுப்படுத்தப்பட்ட கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் வீடுகளுக்கு, ஏற்றுமதியான யூனிட்டுகளின் மதிப்பு கட்டமைப்புச் செலவு கழித்து பில்லில் வரவாகும். அப்படி வரவு பெற்ற யூனிட்டை அண்ணனுக்கு மறுபடியும் விற்றதாகப் பிளாக்செயின் காட்டுகிறது. அந்தப் பதிவை எளிதில் திருத்த முடியாதுதான்; ஆனால் எஸ்பியின் மீட்டர் அதைப் பார்ப்பதில்லை.

நீங்கள் உள்நோக்கத்துடன் செய்யவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. எனினும், மின்சாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, உரிமமோ விலக்கோ இன்றி மின்சாரத்தைச் சில்லறையாக விற்கக் கூடாது. ஒரு மெகாவாட்டுக்குக் குறைந்த கூரைத் தகடுகளுக்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை என்பது, அண்டைவீட்டாருக்கு விற்கும் அனுமதியாகிவிடாது. ஆகவே புதிய பரிமாற்றங்களை இன்றே நிறுத்துங்கள். நிறுவனத்துக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமமோ சோதனைத் திட்ட அனுமதியோ உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

நிரல் ஓடிவிட்டால் பேச்சு முடிந்தது என்ற வாதம் எடுபடாது. குவாயின், பி2சி2 என்ற மின்னிலக்க நாணய நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில், கணினி நிரல்களே செய்துகொண்ட பரிமாற்றங்களையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் வழக்கமான ஒப்பந்தச் சட்டத்தை வைத்தே ஆராய்ந்தது. (தவறுதலாக நடந்தது என்ற வாதம் அதில் தோற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

640 வெள்ளியை உங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க அவசரப்படாதீர்கள். பணத்தை வாங்கியது நிறுவனம். தன் பெயரில் வாங்கியதா, உங்கள் முகவராக வாங்கியதா என்பதை விதிமுறைகளில்தான் பார்க்க வேண்டும். தன் பெயரில் என்றால், பணம் கட்டியும் பொருள் கிடைக்காத அண்ணன் நேரே அதனிடம் கேட்கலாம். முகவராக என்றால், அவர் உங்களிடம் கேட்பது நியாயமே. ஒப்பந்தமே சட்டவிரோதமென்று கண்டாலும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி எல்லா நிலையிலும் அடைபட்டுவிடுவதில்லை என்பதை 2018இல் ஓக்ராய்டு வழக்கின் தீர்ப்பு காட்டியது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கும். பிரச்சினை எழுந்து இரண்டாண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம். அதற்குமுன் நிறுவனம் இங்கே பதிவானதுதானா என்று நிறுவனப் பதிவுகளைத் தேடும் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் பாருங்கள்.

கேபிள் வேண்டாம். இப்போது உங்கள்மீது இருப்பது பணப் பிரச்சினையும் உரிமப் பிரச்சினையும்தான். உரிமம் பெற்ற மின்பணியாளர் தொடாத கம்பி வேலிமேல் போனால், நாளை அண்ணன் வீட்டில் தீப்பிடித்ததற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.