அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களில் ஆண்களின் மனநிலையும் பெண்களின் மனநிலையும் ஏன் வேறுபடுகின்றன?

மனச்சோர்வு, தனிமை, குடும்ப ஆதரவு, பாகுபாடு, பணக்கவலை என மனதையும் சுற்றத்தையும் சேர்த்துத் தொடுகிறவற்றைத்தான் சமூக-உளவியல் காரணிகள் என்கிறோம். இவை ஆண்களிடமும் பெண்களிடமும் ஏன் வேறுபடுகின்றன என்பதுதான் கேள்வி. ஹிஸ்பானிக் மக்கள் என்றால் மெக்சிகோ, கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ போன்ற ஸ்பானிய மொழி பேசும் இடங்களில் வேர் கொண்டவர்கள்.

2008 முதல் 2011 வரை பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ ஆகிய நான்கு இடங்களில் 16,000-க்கும் மேற்பட்ட ஹிஸ்பானிக் பெரியவர்களை ஒரு பெரிய ஆய்வில் சேர்த்தார்கள். அதில் மனச்சோர்வு அறிகுறிகள் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகத் தெரிந்தன. பூர்வீகத்தைப் பொறுத்தும் வித்தியாசம் இருந்தது: புவேர்ட்டோ ரிக்கோ வழியினரிடம் மிக அதிகம், மெக்சிகோ வழியினரிடம் குறைவு.

இதில் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஹிஸ்பானிக் மக்கள் பலருக்குக் குடும்பம்தான் எல்லாம். ஆனால் அது கிணற்றுக் கயிறு மாதிரி. தண்ணீர் வீட்டுக்கே கிடைக்கும், இழுக்கிறவர் கைதான் காய்த்துப்போகும். இழுக்கிறவர் பெரும்பாலும் பெண். வேலைக்கும் போய், குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்டு, "நல்ல தாய் பொறுத்துப்போவாள்" என்ற எதிர்பார்ப்பையும் அவர் சுமக்கிறார். பிள்ளைகளைச் சொந்த நாட்டில் விட்டுவந்த தாய்மார்களின் வேதனை இன்னும் கொடியது.

ஆண்களுக்கு வேறு சுமை. சம்பாதிக்க வேண்டும், கலங்கக் கூடாது. அதனால் பலர் வாய் திறப்பதில்லை. சிலர் குடியில் இறங்குகிறார்கள்.

பெண்களிடம் அறிகுறி அதிகம் என்பதால் ஆண்கள் நலமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது தவறு. அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களில் தற்கொலையால் இறக்கும் ஆண்கள், பெண்களைவிடப் பல மடங்கு அதிகம்.