முதுகில் ஒரு வலி

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். காஞ்சிபுரம் கோயில்களைப் பற்றி ஒரு வழிகாட்டி நூல் எழுதி, சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டேன். உறவினர், நண்பர்கள், நூலகம் என்று பாதிக்கு மேல் கொடுத்தும் ஆயிற்று. போன வாரம் வீட்டுக்கு வந்த சம்பந்தி அலமாரியைப் பார்த்துவிட்டு, "வைத்தியப் புத்தகமும் எழுத ஆரம்பித்துவிட்டீர்களா?" என்றார். முன்னட்டையில் 'காஞ்சி கோயில் வழிகாட்டி' என்று சரியாகத்தான் இருக்கிறது. புத்தகத்தின் முதுகில் 'வலிகாட்டி'! வெளியே தலைகாட்ட முடியவில்லை. மீதிப் பிரதிகளின் அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிய அட்டை போடலாமா? அச்சகத்தாரிடம் நஷ்டஈடு கேட்கலாமா? ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், காஞ்சிபுரம்

பதில்: முதுகில் வலி வருவது இயற்கைதானே ஐயா! உங்கள் சம்பந்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் கிடைத்துவிட்டார்.

முன்னட்டையை எல்லோரும் எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்கள். பக்கங்கள் எத்தனை என்று முடிவான பிறகுதான் முதுகின் அகலமே தெரியும். அதனால் அந்த ஒரு வரி கடைசி நேரத்தில், பெரும்பாலும் புதிதாகத் தட்டப்பட்டு, பக்கவாட்டில் திருப்பி வைக்கப்படும். கழுத்தைச் சாய்த்து அதைப் படிக்க அப்போது யாருக்கும் பொறுமை இருக்காது. ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டுகிறவர் கொஞ்சம் அசந்தால் 'வழி', 'வலி' ஆகிவிடும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். மென்பொருள் வாயைத் திறக்காது.

நஷ்டஈடா? அட்டையின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது 'சரி, அச்சிடுங்கள்' என்று பதில் போட்டிருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். போடவில்லையென்றால் நியாயம் கேட்கலாம்.

கிழிப்பதை மறந்துவிடுங்கள். சூடான பசையில் ஒட்டிய அட்டையைப் பிய்த்தால் முதல் தாளும் கடைசித் தாளும் கூடவே வரும். புதிய அட்டை போட்டால் ஓரங்களை மறுபடி வெட்ட வேண்டும். உங்கள் வரைபடங்கள் விளிம்பு வரை போகின்றன, பாதித் தெரு காணாமல் போகும். ஸ்டிக்கரும் வேண்டாம். நாளடைவில் ஓரம் சுருண்டு, 'இங்கே பிழை' என்று அதுவே கைகாட்டும். மனம் ஆறவில்லையென்றால் மீதிப் பிரதிகளுக்கு மடிப்பு வைத்த மேலுறை ஒன்று அச்சிட்டுப் போடுங்கள்.

2010இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சமையல் புத்தகம் வந்தது. 'புதிதாகப் பொடித்த கறுப்பு மிளகு' என்று இருக்க வேண்டிய இடத்தில், மிளகுக்குப் பதிலாக 'மக்கள்' என்று அச்சாகிவிட்டது. 7,000 பிரதிகளைக் கூழாக்கினார்கள். அது ஓர் இனத்தையே புண்படுத்தும் பிழை, கூழாக்கியது சரி. உங்களுடையதால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் நல்லதுதான்.

திறந்தால்தான் எனக்குக் கவலை. 41ஆம் பக்கத்தை எடுங்கள். கைலாசநாதர் கோயிலைக் கட்டியவர் முதலாம் நரசிம்மவர்மன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வாதாபியை வென்ற மாமல்லர், ஏழாம் நூற்றாண்டுக்காரர். கைலாசநாதர் கோயிலைக் கட்டியவர் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். கல்வெட்டில் கோயிலுக்கே அவர் பெயர்தான். எதிரே வரிசையாக உள்ள சிறு சன்னதிகளில் ஒன்றில் அவருடைய அரசி ரங்கபதாகையின் கல்வெட்டும் இருக்கிறது. அதை உங்கள் புத்தகம் சொல்லவே இல்லை. நான் வருத்தப்பட்டது அதற்குத்தான். 'வலிகாட்டி'யைப் பார்க்கிற எவரும் அதைப் பிழை என்று உடனே கண்டுகொள்வார்கள். 41ஆம் பக்கத்தை நம்பிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர் அதையே உரக்கப் படித்தும் காட்டுவார்.

ஆகவே மேலுறைக்கு முன்னால் ஒரு திருத்தத் துண்டு அச்சிடுங்கள். பக்க எண், இருப்பது, இருக்க வேண்டியது, அவ்வளவு போதும், மன்னிப்புரை தேவையில்லை. உள்ளே சும்மா செருகினால் முதல் புரட்டலிலேயே விழுந்துவிடும். 41ஆம் பக்கத்தின் உள்ஓரத்தில் மெல்லிய கோடாகப் பசை தடவி ஒட்டுங்கள். அப்படியே நடை சாத்தும் நேரங்களை ஒவ்வொரு கோயிலிலும் கேட்டுச் சரிபார்த்து, மாறியிருந்தால் அதே துண்டில் சேர்த்துவிடுங்கள். கொடுத்துவிட்ட பிரதிகளுக்கும் துண்டு போய்ச் சேரவேண்டும். முதலில் நூலகத்துக்குப் போங்கள்.