சீனமொழி தொடங்குவோர் கேள்வி பதில்: எதற்குப் பணம் செலவிடலாம்?

வடசென்னையிலிருந்து சீனமொழியைப் புதிதாகத் தொடங்குவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சீனமொழி என்று நான் குறிப்பிடுவது சீனாவின் பொதுமொழியான மாண்டரினை. முதல் சில மாதங்களுக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது என்பதால், எங்கே பணம் தேவை என்பதில்தான் கவனம் வேண்டும்.

மண்ணடி, உதிரிபாக வியாபாரி: சீனாவிலிருந்து சரக்கு வரவழைக்கிறேன். சப்ளையரிடம் நானே பேச வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டி ஒரு செயலியை வாங்கலாமா ஐயா?

இப்போது வேண்டாம். ஹலோசைனீஸ் செயலியின் தொடக்கப் பாடங்கள் இலவசம். பிளெக்கோ அகராதியின் அடிப்படைப் பதிப்பும் இலவசம், இணையம் இல்லாதபோதும் அது இயங்கும். இவற்றை நாள்தோறும் பயன்படுத்துகிறீர்களா என்று ஓரிரு மாதம் பாருங்கள்.

உங்கள் தொழிலுக்குச் செயலியைவிடக் காதும் நாக்கும் பழகுவதே முக்கியம். சீனத்தில் ஒரே அசையைச் சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம், அதாவது தொனி, மாறினால் பொருளும் மாறும். 'மாய்' என்பதை இறக்கி ஏற்றும் மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது. சட்டென்று விழும் நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. விலை பேசும் இடத்தில் இந்தப் பிழை நேரக் கூடாது. தொனியைத் தவறாகச் சொன்னால் உடனே நிறுத்தித் திருத்துவதற்கு ஒரு மனிதர் வேண்டும். ஆகவே ஆண்டுச் சந்தாவுக்கு ஒதுக்கிய தொகையை, ஐடாக்கி போன்ற தளங்களில் வகுப்புக்கு வகுப்பு கட்டணம் வாங்கும் ஆசிரியருக்குச் செலவிடுங்கள். மாதத்தில் இரண்டு வகுப்புகள் எடுத்தாலும் பலன் தெரியும்.

திருவொற்றியூர், கல்லூரி மாணவி: சீன உச்சரிப்பை எழுதிக் காட்டும் பின்யின் ஆங்கில எழுத்துதானே? அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா?

கட்டாயம் ஒதுக்க வேண்டும். 1958இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட இந்த முறையில் எழுத்துகள் மட்டுமே ஆங்கிலத்தில் நாம் பார்த்தவை, ஒலிகள் வேறு. ஆங்கிலத்தில் 'பஸ்' தொடங்கும் எழுத்து, பின்யினில் நம்முடைய 'பல்' என்ற சொல்லின் முதல் ஒலியைத் தருகிறது. 'பேப்பர்' தொடங்கும் எழுத்தோ, காற்றைப் பலமாகத் தள்ளிச் சொல்லும் 'ப'வைத் தருகிறது. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஒலிக்குத் தாள் ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும், இரண்டாவதற்குப் படபடக்க வேண்டும். 'த', 'க' வரிசைகளிலும் இதே வேறுபாடு உண்டு. காற்று குறைந்த ஒலிகள் நமக்குப் பிறவியிலேயே வந்தவை. காற்றோடு சொல்வதைத்தான் பழக வேண்டும்.

தமிழர் பெரும்பாலும் தடுமாறுவது, நாம் ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு எழுதும் அந்த இரண்டெழுத்துக் கூட்டில். பின்யினில் அது நாக்கை மேலே வளைத்து 'ச்ச' போலச் சொல்லும் ஒலி. 'ழ'வுக்கு நெருக்கமான ஒலி அங்கே 'ரப்பர்' தொடங்கும் எழுத்தில் இருக்கிறது. மற்றவர்கள் பாடுபட்டுப் பிடிக்கும் இந்த ஒலி உங்களுக்கு எளிதில் வரும். யாப்லா தளத்தில் எல்லா அசைகளையும் நான்கு தொனிகளிலும் கேட்கக்கூடிய அட்டவணை இலவசமாக இருக்கிறது. கேட்டு, உங்கள் குரலைக் கைபேசியில் பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெரம்பூர்: டுவோலிங்கோ செயலி மட்டும் போதுமா?

போதாது. பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க உதவும். இலக்கணத்தை விளக்கமாகப் புரிந்துகொள்ள, நிலைவாரியாகப் பிரித்துத் தரும் சைனீஸ் கிராமர் விக்கியை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கட்டணமில்லை.

வியாசர்பாடி, எட்டாம் வகுப்பு மாணவியின் தாய்: எழுத்துப் பயிற்சிக்கு மாதச் சந்தா கேட்கும் செயலி வேண்டும் என்கிறாள். அவசியமா?

அவசியமில்லை அம்மா. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று போதும். நான்கு சிறு கட்டங்களைச் சேர்த்து ஓர் எழுத்துக்கு இடமாக்கிக்கொள்ளட்டும். எந்தக் கோட்டை முதலில் இழுப்பது என்பதை எம்டிபிஜி அகராதித் தளம் இலவசமாக அசைந்து காட்டுகிறது. சீனாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் எளிமையாக்கிய எழுத்தையே அவள் எழுதட்டும். தைவானிலும் ஹாங்காங்கிலும் உள்ள மரபெழுத்தைப் பின்னால் பார்க்கலாம். நினைவில் நிறுத்த, சொற்களை அட்டைகளாகத் திரும்பத் திரும்பக் காட்டும் அங்கி என்ற செயலி ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவசம். ஐபோனில்தான் விலை கொடுக்க வேண்டும்.

ராயபுரம், துறைமுக கிளியரிங் அலுவலக ஊழியர்: எச்எஸ்கே என்ற சீனமொழித் திறன் தேர்வுக்குப் பழைய புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

மொழி கற்க வாங்கலாம், தேர்வை நம்பி வாங்க வேண்டாம். ஆறு நிலைகள் கொண்ட பழைய முறையில் முதல் நிலைக்கு 150 சொற்கள் போதும். 2021இல் வெளியான ஒன்பது நிலை அளவுகோலில் அதே நிலைக்கு 500 சொற்கள் குறிக்கப்பட்டன. ஆகவே எழுதப்போகும் தேர்வு எந்தப் பாடத்திட்டத்தின்படி நடக்கிறது என்று அதிகாரப்பூர்வ தளத்தில் உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

தண்டையார்பேட்டை: எனக்கு ஆங்கிலம் சுமார்தான். ஒரு பயிற்சியாளர் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியின் குழுவில் சேரச் சொல்கிறார்.

வீசாட்டை இந்திய அரசு 2020 ஜூன் மாதத்திலேயே தடைசெய்துவிட்டது. அதை நம்பி நடக்கும் வகுப்புக்கு முன்பணம் கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பிலோ ஜூமிலோ நடத்துவாரா என்று கேளுங்கள். ஆங்கிலம் குறித்த தயக்கம் நியாயமானது, ஏனெனில் நல்ல இலவசப் பாடங்களில் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. யூடியூபில் தமிழில் விளக்கம் தருவோரிடம் வாக்கிய அமைப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். உச்சரிப்பை மட்டும் சீனரின் குரலைக் கேட்டே பழகுங்கள். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கும் சொற்பட்டியலுக்குப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள், ஏனெனில் தொனியையும் காற்றோடு வரும் ஒலியையும் அதில் எழுதிக் காட்ட முடியாது.