மதுரை தெப்பக்குளம் ஏன் வருஷக்கணக்கா வத்திக் கெடந்துச்சு, இப்ப எப்படி தண்ணி நிக்குது?

தெப்பக்குளம்னா சாமிய தெப்பத்துல வச்சு சுத்தி வர்றதுக்குன்னே வெட்டி படி கட்டுன குளம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்த 1645-ல திருமலை நாயக்கர் கட்டுனாரு, மஹாலுக்கு மண்ணெடுத்த பள்ளம்தான் இதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. மழைய மட்டும் நம்புன குளமில்ல, வைகையிலருந்து கால்வாய் வழியா தண்ணி வரணும், ஆனா மணல் அள்ளி அள்ளி ஆத்துப் படுகையே தாழ்ந்துபோச்சு, டம்ளர்ல ஜூஸ் கொறஞ்சதும் ஸ்ட்ரா நுனி எட்டாம நிக்குமே அதே கததான், கால்வாயும் தூந்துபோக பசங்க உள்ள எறங்கி கிரிக்கெட் ஆடுனாங்க (கிரவுண்ட் என்னவோ நல்ல கிரவுண்ட்தான்!). பனையூர் கால்வாய சரி பண்ணி வைகைத் தண்ணி விட்டப்புறம் போட்டிங்கே நடந்துச்சு, சாயங்காலமானா சுத்தி ஒரே கூட்டம். அடியில சிமெண்ட் போட்டுட்டா வத்தாதுல்லன்னு நெறைய பேர் கேக்குறாங்க, அது தப்பு, மண்ணுல எறங்குற தண்ணிதான் சுத்துப்பட்டு தெருவுல போர்ல ஊறுது.