பயிர் சாய்ந்துவிட்டது: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: மழையில் நெற்பயிர் சாய்ந்துவிட்டது என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல் எது? ‘ஃபால்’ போடலாமா?

‘லாட்ஜிங்’. ‘த பேடி ஹேஸ் லாட்ஜ்டு’ என்று எழுதினால் விவசாயத்துறையில் யார் படித்தாலும் புரியும். ‘ஃபால்’ வேண்டாம். பயிர் விழுந்ததா, மணி உதிர்ந்ததா, விலை இறங்கியதா என்று படிக்கிறவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

இந்த ஒரு சொல்லுக்காக நானும் அலைந்திருக்கிறேன். 2023 பிப்ரவரி முதல் வாரம், சம்பா அறுவடை நேரத்தில் டெல்டாவில் மழை கொட்டித் தீர்த்ததே, அப்போது. நீடாமங்கலம் பக்கம் என் மாமா ஆந்திரா பொன்னி போட்டிருந்தார். நாலைந்து நாளில் மெஷின் இறங்க வேண்டிய வயல். மழை விட்டதும் போய்ப் பார்த்தால், பாய் விரித்த மாதிரி மொத்தமும் ஒரே பக்கமாகக் கிடக்கிறது. கணுக்கால் அளவு தண்ணீர். மாமா குனிந்து ஒரு குத்தை அள்ளித் தூக்கினார். கதிரெல்லாம் சேறு, சில மணிகளில் ஊசிமுனை போல வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. “படுத்துடுச்சுடா மாப்ளே” என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் மெயில் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அகராதியில் ‘சாய்’ என்று தேடினால் சுவரில் சாய்வதும் நாற்காலியில் சாய்வதும்தான் வருகிறது. ‘படு’ என்று தேடினால் ஆளைத் தூங்க வைக்கிறது. கடைசியில் ‘த க்ராப் இஸ் லையிங் டவுன்’ என்று ஒப்பேற்றி அனுப்பினேன். பயிருக்கு என்னதான் சேதம் என்று கேட்டு மறுநாளே பதில் வந்தது.

சொல் கிடைத்தது மாமா வீட்டுப் பரணில். விதை வாங்கியபோது கொடுத்த நோட்டீஸ்கள் ஒரு கட்டு இருந்தன. அதில் ஒன்றில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். தமிழில் ‘சாயாத தன்மை உடையது’ என்று இருந்த அதே இடத்தில் ஆங்கிலத்தில் ‘நான்-லாட்ஜிங்’. தொழில் சார்ந்த சொல்லுக்கு அகராதியைவிட இந்த மாதிரி இருமொழி நோட்டீஸைத்தான் நான் இப்போதெல்லாம் நம்புகிறேன்.

மாமாவிடம் சொன்னேன். “லாட்ஜா? நம்ம பயிரு எதுக்குடா லாட்ஜுக்குப் போவுது?” என்றார். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே சொல்தான். காற்றும் மழையும் பயிரை அடித்துப் படுக்கவைப்பதை நானூறு வருஷத்துக்கு முன்பே ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நெல் ஆராய்ச்சியில் இது பெரிய சொல். உயரமான ரகத்துக்கு உரம் கூடினால் பயிர் மேலும் வளர்ந்து, கதிர் கனத்து, தண்டு தாங்காமல் சாய்ந்துவிடும். 1966-ல் பிலிப்பைன்ஸில் வெளியிட்ட ஐஆர் 8 குட்டை ரகமாக இருந்ததற்கு முக்கியக் காரணமே இதுதான். (மாமாவும் அந்த வருஷம் யூரியாவைக் கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டிருந்தார். அதை மெயிலில் எழுதவில்லை.)

ஒரு எச்சரிக்கை. கதிர் முற்றித் தலை சாய்ந்திருப்பதையும் நாம் ‘சாய்ந்தது’ என்றுதான் சொல்கிறோம். அது நல்ல விஷயம், அதற்கு லாட்ஜிங் பொருந்தாது. தண்டோ வேரோ தாங்காமல் பயிரே சாய்ந்தால்தான் லாட்ஜிங். தண்ணீரில் மூழ்கியும் இருந்தால் ‘சப்மெர்ஜ்டு’ என்பதையும் சேர்த்துப் போடுங்கள், இரண்டும் வேறு வேறு சேதம். கதிரிலேயே முளைத்துவிட்டால் ‘ப்ரீ-ஹார்வெஸ்ட் ஸ்ப்ரௌட்டிங்’. அப்புறம், வயலில் இருப்பதை ‘ரைஸ்’ என்பதைவிட ‘பேடி’ என்று எழுதுவதே தெளிவு. வெளியூரில் இருக்கும் தம்பிக்குச் சொல்வதென்றால் இவ்வளவு பாடு வேண்டாம், ‘ஃப்ளாட்டெண்டு’ போதும்.

மெயில் தலைப்பிலேயே ‘க்ராப் லாட்ஜிங்’ என்று போட்டு, சர்வே நம்பரையும் எழுதிவிடுங்கள். முதல் மெயிலில் நான் அதையும் விட்டுவிட்டு, மாமாவிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.